படத்துக்குள் பஞ்சு

விளக்குமாற்று நுனியில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தது. அமராவதி குனிந்து பார்த்தாள். நேற்றும் இதே இடத்தில்தான், சுவரில் மாட்டிய படத்துக்கு நேர் கீழே. மகள் போன பிறகு இந்த வீட்டுக்குள் ஒரு துணுக்குப் பஞ்சு வந்ததில்லை. கணவன் சென்னியப்பன், கொட்டை நீக்கிப் பஞ்செடுக்கும் ஜின்னிங் பாக்டரியிலிருந்து வந்தால் வாசலிலேயே சட்டையை உதறிவிட்டுத்தான் உள்ளே நுழைவான்.

படத்தைக் கொண்டுவந்தவனும் அவன்தான். ஊட்டியில் யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போனது. முதலாளி வீட்டில் பிடிக்காமல் கொடுத்துவிட்டார்கள். வெறும் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று மாட்டினான். நல்லெண்ணம்தான், பாவம். துணியில் தீட்டிய சாம்பல் வானம், இலையில்லாத மரங்கள், கதவடைத்த ஒரு வீடு, அதன் முன்னால் எங்கு பார்த்தாலும் வெள்ளை. துக்கம் கேட்க வந்தவர்களும் போய்விட்ட வீடு மாதிரி நெஞ்சை அடைத்தது.

"எதுக்குங்க இத்தன பஞ்சு?" என்று அன்றே கேட்டாள்.

"பஞ்சில்ல புள்ள, பனி. அந்த ஊர்ல இப்பிடித்தான் கொட்டுமாம்."

பனி அவளுக்குத் தெரியாதா? மார்கழியில் புல் நுனியில் நிற்பது பனி. இது பஞ்சு. பாக்டரிக் கிடங்கில் கூரை வரை கிடந்த அதே பஞ்சு. அவள் பருத்தியில் தூசு பொறுக்கிக்கொண்டிருந்தபோது மகள் மயிலாத்தாள் அந்தப் பஞ்சில் ஏறி விளையாடினாள். ஆறு வயசுப் பிள்ளை. குவியல் சரிந்து பிள்ளையை மூடிவிட்டது. அமராவதி தொண்டை கிழியக் கூப்பிட்டாள். எந்தப் பக்கம் என்று ஒரு குரல் வந்திருந்தால் தோண்டி எடுத்திருப்பாள். வரவில்லை. அம்மா கூப்பிட்டும் ஏன் கண்ணு பேசவில்லை? அதுதான் அவளை அரித்துத் தின்றது.

பொழுது மசங்கியது. பக்கத்து வீட்டில் கடுகு தாளிக்கும் வாசனையும் தெருவில் மாட்டின் கழுத்து மணியும் எப்போதும்போல வந்துகொண்டிருக்க, படத்தின் பக்கமிருந்து மட்டும் பருத்திக்கொட்டை புழுங்கும் வாசம் வந்தது; அதற்கும் அடியில், தலையணையில் முகம் புதைத்துக்கொண்டு யாரோ இருமுவதுபோல ஒரு சத்தம்.

சின்ன இருமல்.

படத்திலிருந்த வீட்டின் முன்னால் ஒரு மேடு. காலையில் இல்லை. அசைந்தது.

"மயிலா?"

இருமல்.

ஓடிவிடலாம். ஆனால் அன்று எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, இன்று தெரிகிறது. பெற்றவள் எப்படி ஓடுவாள்? அந்த மேட்டின் மேல் கையை வைத்தாள். துணி தட்டுப்படவில்லை. கை உள்ளே போனது. பனியென்றால் சில்லிட வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தது.

முழங்கை வரை. தோள் வரை.

பிஞ்சு விரல்கள் அவள் கையைப் பற்றின. இழுத்தாள். வரவில்லை. முகத்தையும் உள்ளே அழுத்திக்கொண்டு இழுத்தாள்.

எங்கோ தூரத்தில் சட்டையை உதறும் சத்தம்.

"ஏம்புள்ள, வெளக்குகூட வெக்காம எங்க போயிட்ட? அமராவதீ!"

இங்கேதான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வாய் நிறையப் பஞ்சு. மூக்கில் பஞ்சு. அவன் மறுபடி கூப்பிட்டான். இருமல்தான் வந்தது.

மயிலா அன்று பதில் சொல்லித்தான் இருக்கிறாள்.

அவன் கூப்பிட்டுக்கொண்டே வெளியே போவது கேட்டது. இருட்டுக்குள் அந்த விரல்கள் இறுகின. அவளும் விடவில்லை.