மூன்றாவது லைனில் மழை

"அது கரகரப்புதான் ராமா, ஒயர்ல எங்கியோ..."

"கரகரப்பு இல்லீங்க, மழை. கல்லு மேல மழை உழுகற சத்தங்க."

"வெளிய பாரு. மாசி வெயில் மண்டையப் பொளக்குது."

"வெளிய எதுக்குங்க பாக்கோணும்? காதுல கேக்குதே."

ரங்கராஜ் அவளிடமிருந்து ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். மில்லில் எலக்ட்ரீசியன். பீளமேட்டு வீட்டின் பின்னறையில் பழைய மெத்தைகளைச் சுவரோரம் சாத்தி, நாலு லைன் மிக்ஸர் ஒன்று வாங்கி வைத்துப் பாட்டுப் பதிந்துகொண்டிருந்தார். மனைவி ராமாமணியின் முதல் கேசட் காரமடைத் தேர்த் திருவிழாவுக்குள் கடைக்குப் போயாக வேண்டும். கும்மிப் பாட்டு ஒன்றுதான் பாக்கி. அதை எத்தனை முறை பாடினாலும் அடியில் அந்தச் சலசலப்பு.

"பெரிய மைக்கு எல்லாத்தையும் இழுக்கும். பக்கத்து ஊட்டு மிக்ஸிகூட உழுகும். கை மைக்குல பாடு. வாய்க்கிட்ட இருக்கறத மட்டுந்தான் அது எடுக்கும்."

"அது வேண்டாமுங்க."

"ஏன்?"

ராமாமணி ஓரடி பின்னால் நகர்ந்தாள். அவர் பெரிய மைக்கைக் கழற்றிவிட்டு, கை மைக்கை மூன்றாவது லைனில் சொருகினார்.

மழை இன்னும் பக்கத்தில் கேட்டது.

ஒயரை மாற்றினார். லைனை மாற்றினார். மழை விடவில்லை. கடைசியில் மைக்கின் வலைத் தலையைத் திருகிக் கழற்றினார். உள்ளே இருந்த பஞ்சு மஞ்சளாக ஊறிக் காய்ந்திருந்தது. கம்பியெல்லாம் துரு.

"இதென்ன ராமா, மஞ்சத்தண்ணியா?"

"தெளிச்சுபோட்டனுங்க."

"மைக்குக்கா?"

"அவ வாய் பட்டுதுங்களே."

ரங்கராஜுக்கு அது யாரென்று தெரியும். கேட்க என்ன இருக்கிறது? கார்த்திகையில் அவர்களுடைய காரமடைத் தோட்டத்தில் களையெடுக்கும் மாரியாத்தாள் இதே கும்மியைப் பாட வந்தாள். அவளை அறைக்குள் விடவில்லை. பின்வாசலில் துவைக்கிற கல்லருகே உட்கார வைத்து, ஜன்னல் வழியாக இந்த மைக்கின் ஒயரை விட்டார்கள். பாதிப் பாட்டில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்தபடியே பாடி முடித்து, ஈரச் சேலையோடு பஸ் ஏறினாள். காய்ச்சலில் படுத்தவள் எழவில்லை. மழை கலந்த அந்தப் பாட்டை ரங்கராஜ் அழித்துவிட்டார்.

"ஒயரை நீட்டிக் குடுத்தது நாந்தான்," என்றார், குரல் இறங்கி. "மழைன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா உள்ள கூப்பிட்டிருப்பனே. அவ கேக்கவே இல்லியே."

"கேட்டாளுங்க."

"யாருகிட்ட?"

"மைக்குலயேதானுங்க. ஹெட்போன் எங்காதுலதான இருந்துச்சு." ராமாமணி முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். தலை நிமிரவில்லை. "கேக்காத மாதிரி இருந்துட்டனுங்க."

அவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மிக்ஸரைப் பார்த்தார்.

மூன்றாவது லைனின் பச்சை விளக்கு மின்னியது.

அதில் ஒயர் இல்லை. மைக் அவர் மடியில் இரண்டு துண்டாகக் கிடந்தது.

விளக்கு அணைந்தது. மின்னியது. யாரோ மூச்சு வாங்குவதைப் போல.

அறையில் ஈரக் கல்லின் வாசம் எழுந்தது. பிறகு, நனைந்த நூல் சேலையின் வாசம்.

"நீங்க... எதாச்சும் தொட்டீங்களா?"

"இல்ல."

ஸ்பீக்கரில் மழை வலுத்தது. அதற்குள்ளிருந்து, பல் கிட்டும் குளிரில் நடுங்கிய ஒரு குரல் கேட்டது. கெஞ்சவில்லை. கோபமும் இல்லை.

"அம்மணி, மழை வலுக்குதுங்க. உள்ள வரட்டுங்களா?"

ரங்கராஜ் மெயின் சுவிட்சை அணைத்தார். மிக்ஸரின் விளக்குகளெல்லாம் அணைந்தன.

மழை நிற்கவில்லை.

ராமாமணி எழுந்து பின்கதவைத் திறந்தாள். முற்றத்தில் வெள்ளை வெயில். துவைக்கிற கல் காய்ந்து கிடந்தது. யாருமில்லை. அவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து மாரியாத்தாளிடம் சொல்லியிராத மரியாதைச் சொல், முதல்முறையாக வெளியே வந்தது.

"உள்ள வாங்க, மாரியாத்தா."

சட்டென்று மழை ஓய்ந்தது. ரங்கராஜ் மூச்சை விட்டார். ராமாமணி கதவைச் சாத்தக் கை நீட்டினாள்.

அவள் முதுகுக்குப் பின்னால், அறைக்குள்ளிருந்து, ஸ்பீக்கரும் இல்லாமல் வந்தது அந்தக் குரல்.

"வந்துட்டனுங்க, அம்மணி. நான் எங்க உக்காரட்டுங்க?"