அணைச்சிடு

மீன்கள் தீனிக்கு வரவில்லை.

மற்ற நாட்களில் தொட்டி மூடியைத் தூக்கும் சத்தம் கேட்டாலே போதும், ஜென்மத்தில் சாப்பாட்டையே பார்க்காதவை போல முட்டி மோதிக்கொண்டு மேலே வரும். இன்று எல்லாம் ஒரே மூலையில், தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டருக்கு எதிர் மூலையில், கண்ணாடியோடு கண்ணாடியாக ஒண்டிக்கொண்டிருந்தன. தீனி நீரில் ஊறி, உப்பி, மெல்ல அடியில் இறங்கியது. அதை வழித்தெடுக்கத்தான் அவள் விரலை விட்டாள்.

சுள்ளென்றது. விரலில் பட்டது முழங்கை வரை ஏறிவிட்டு இறங்கியது. கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"என்னங்க, தண்ணியில கரண்ட் வருது."

கணவன் சோபாவிலிருந்து எழுந்து, ரப்பர் செருப்பு சப் சப்பென்று அடிக்க வந்தான். குதிகால் வலிக்காரன், வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்ற மாட்டான். மணிக்கட்டு வரை கையை விட்டுத் துழாவிக் காட்டினான்.

"எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே. மீன் கடிச்சிருக்கும்."

"மீன் முழங்கை வரைக்குமா கடிக்கும்?"

"நீ வளர்த்த மீன் கடிக்கும்."

தரையில் படம் வரைந்துகொண்டிருந்த மகள் கெக்கலித்தாள். அப்பா தும்மினாலும் அவளுக்குச் சிரிப்புதான்.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தொட்டியின் நீல விளக்கு வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள். ஹீட்டரின் வயர் தொட்டி விளிம்பிலிருந்து நேரே இறங்கி, இரும்பு ஸ்டாண்டின் அடியில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் போயிருந்தது. அந்த வயரைப் பிடித்துக்கொண்டு ஒரு நீர்த்துளி நிதானமாக இறங்கி வந்து, பாக்ஸின் ஓட்டை அருகே நின்று யோசித்தது. பாக்ஸில் மூன்றாவது பின்னுக்கு இடமில்லை என்று பிளக்கின் எர்த் பின்னைக் குறடால் முறித்துவிட்டுச் சொருகியிருந்தான் அவன்.

அவள் வேலை பார்க்கும் துணிக் கிடங்கில் வருஷத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு வகுப்பு எடுப்பார்கள். அங்கே கேட்டதையெல்லாம் சொன்னாள். வயரை பாக்ஸுக்குக் கீழே தொங்கவிட்டு மேலே கொண்டுபோக வேண்டும், அப்போதுதான் தண்ணீர் அடியிலேயே சொட்டிவிடும். எர்த் இல்லாமல் எதையும் சொருகக் கூடாது. ஷாக் அடித்து நிற்பவரைத் தொடவே கூடாது, முதலில் சுவிட்ச்.

"வந்துட்டாங்கப்பா, கிடங்கு இன்ஸ்பெக்டர்!" என்று சல்யூட் அடித்தான். "ஞாயித்துக்கிழமை புது பாக்ஸ் வாங்கிடறேன். அதுவரைக்கும் ஹீட்டரைப் பிடுங்கினா மீனெல்லாம் விறைச்சுடும், பாத்துக்கோ."

மகளின் முகம் சுருங்கியது. அம்மா பிளக்கைப் பிடுங்காமல் விட்டாள். ஆனால் மகளை மட்டும் தனியே இழுத்து உட்கார வைத்து, தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள்.

"இந்த பாக்ஸைத் தொடவே கூடாது. யார் சொன்னாலும் கூடாது. நானே சொன்னாலும் கூடாது. புரியுதா?"

"அப்ப ராத்திரி லைட்டை யாரு அணைக்கிறது?"

அது மகளின் உத்தியோகம். தூங்கப் போகுமுன் அப்பா "அணைச்சிடு!" என்று குரல் கொடுப்பான். அவள் ஓடிப்போய் முதலில் அவன் இடுப்பைக் கட்டி அணைப்பாள். "ஐயோ, என்னையில்லடி, லைட்டை!" என்று அவன் அலறுவான். பிறகுதான் பாக்ஸின் சிவப்பு சுவிட்சைத் தட்டுவாள். தினமும் இதே கூத்து. தினமும் இரண்டு பேரும் புதிதாகக் கேட்டதைப் போல விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

"இனிமே அப்பாவை மட்டும் அணைச்சா போதும்," என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளுக்குத் தொட்டியைத் தவிர வேறு சத்தமே கேட்கவில்லை. சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும், சுவருக்குள் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதைப் போல தொட்டிக்குக் காற்று விடும் மோட்டாரின் உர்ர்ர். நடுவில் ஹீட்டரின் டிக். கூடவே, எங்கிருந்து என்று கண்டுபிடிக்க முடியாத ஒரு கருகல் வாடை. மோந்து பார்த்துக்கொண்டே கிட்டே போனால் இல்லை, திரும்பி நடந்தால் மூக்கில் ஏறும். மீன்கள் மூலையை விட்டு வரவே இல்லை. அவற்றின் நிழல்கள் சுவரில் பெரிதாக, அசையாமல் நின்றன. அவளுக்குப் பயமாக இருந்தது. சொன்னால் மறுபடி சல்யூட் அடிப்பான் என்று பேசாமல் இருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மொட்டைமாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவள் கூடையோடு கிளம்பியபோது பின்னால் மகளின் குரல் கேட்டது.

"அப்பா, ஹீட்டர் கழண்டு தொட்டிக்குள்ள விழுந்துடுச்சு."

"தொட்டித் தண்ணியைத் தரையில சிந்தியிருக்கியே, வழுக்குது பாரு. இரு, எடுக்கிறேன்."

காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. படியேறிவிட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. கொடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக் கூடையில் போட்டாள். சட்டைகள், துண்டு, மகளின் பாவாடை. கடைசியாகச் சுவர் ஓரத்துக்குப் போனாள். காலையில் சேறாக இருக்கிறதே என்று அவளே தேய்த்துக் கழுவி, காயட்டும் என்று சாய்த்து வைத்திருந்தது அங்கே இருந்தது.

அவன் ரப்பர் செருப்பு.

கையில் எடுத்தாள். அப்படியே நின்றாள். இது இங்கே இருக்கிறது என்றால், அவன் வெறுங்கால். ஈரத் தரை. ஹீட்டரை எடுக்கிறேன் என்றான்.

கூடை விழுந்தது. படிகளில் அவள் இறங்கவில்லை, சரிந்தாள். கதவு காற்றில் அறைந்து சாத்தியிருந்தது. தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. சாவி உள்ளே. தட்டினாள். மழை இரைச்சலில் உள்ளே கேட்கவில்லை. உர்ர்ர் மட்டும்.

ஜன்னலுக்கு ஓடினாள். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அறை முழுக்க நீல வெளிச்சம். அவன் முதுகு தெரிந்தது. ஒரு கை தோள் வரை தொட்டிக்குள். மறு கை இரும்பு ஸ்டாண்டைப் பிடித்திருந்தது. சும்மா நிற்பவனைப் போலத்தான் இருந்தான். தொட்டித் தண்ணீர் மட்டும் விளிம்பு வரை நடுங்கிக்கொண்டிருந்தது.

மீன்கள் எல்லாம் மேலே மிதந்தன.

மகள் சற்றுத் தள்ளி உலர்ந்த தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் கைக்கு எட்டும் தூரத்தில் பாக்ஸ். சிவப்பு சுவிட்ச்.

முதலில் சுவிட்ச்.

"அணைச்சிடு!" என்று கத்தினாள். "அணைச்சிடுடி!"

மகள் தலையைத் தூக்கினாள். அம்மாவைப் பார்த்தாள். பாக்ஸைப் பார்த்தாள். சத்தியம் ஞாபகம் வந்தவளாக இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

அம்மாவுக்குப் புரிந்தது.

"தொடாதே! தொடாதேடி!"

"தொடலம்மா," என்றாள் மகள் பெருமையாக.

பாக்ஸைச் சுற்றி, அதன் மேல் பாவாடை கூடப் படாமல், வெகு கவனமாக ஒதுங்கி நடந்தாள். ஈரத்தில் கால் வைத்தாள். சிரித்துக்கொண்டே கைகளை விரித்தாள்.

அம்மா கம்பிகளைப் பிடித்து உலுக்கினாள். செருப்பு கையிலிருந்து விழுந்தது.

மகள் அப்பாவின் இடுப்பை இரண்டு கையாலும் அணைத்து, கன்னத்தை அவன் முதுகில் வைத்து, ஜன்னல் பக்கம் பார்த்தபடி நின்றாள். "ஐயோ, என்னையில்லடி" என்று அவன் சொல்லவில்லை. மகளின் சிரித்த வாய் சிரித்தபடியே இருந்தது. சுவரில் இரண்டு நிழலும் ஒன்றாகி, தண்ணீரோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தன.