படுக்கையறைக்குப் புதுத் தரை

பிளக் பாயின்ட் தாழ்ந்திருந்தது. காலையில் முதல் பலகையை அறுக்கக் கட்டரைச் செருகியபோது, மண்டியிட்டிருந்த பஞ்சாபகேசனின் தோளுக்கு நேராக இருந்தது. இப்போது இடுப்புக்கு இறங்கியிருந்தது. எலக்ட்ரீஷியன் ஒழுங்காகப் பொருத்தவில்லை, சுவரோடு நழுவிவிட்டது என்று முடிவு செய்தார். இந்த ஊரில் எவன் வேலையை ஒழுங்காகச் செய்கிறான்?

காப்பீட்டு அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதியதையெல்லாம் திருத்தியே ஓய்வு பெற்றவர். மேஸ்திரிகள் முட்டாள்கள் என்பது அவர் கட்சி. எதிர் வீட்டு ஜோசப்ராஜ் போன வருஷம் தன் வீட்டுக்குத் தானே தரை போட்டுக்கொண்டதாகக் கேள்விப்பட்டதும், தாராவியிலிருந்து செம்பூருக்கு வந்த ஆளுக்கே கைகூடியது தனக்கு வராதா என்று வினைல் பலகைகளை வாங்கி இறக்கிவிட்டார். பாதி வேலையை யாரும் பார்க்கக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வழியே வந்த மழை ஈரமும் புது பிளாஸ்டிக்கின் இனித்த நாற்றமும் ஒன்றாகத் தொண்டையில் இறங்க, பழைய மொசைக்கின் மேல் பலகைக்குப் பலகை விளிம்பைக் கோத்து, ‘டக்’கென்று பூட்டிக்கொண்டே வந்தார். கடைசிப் பலகை கதவடியில் பூட்டியது.

கதவு திறக்கவில்லை.

உள்பக்கம் திறக்கும் கதவு. தரை உயர்ந்தால் அடியை அறுக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

“ஏன்னா, என்ன ஆச்சு?” வெளியிலிருந்து அபயாம்பாள்.

“ஒண்ணுமில்லை. மழைக்குக் கதவு உப்பிண்டிருக்கு.”

“எதிர்த்தாத்து ஜோசப்ராஜைக் கூப்பிடட்டுமா?”

“எதுக்கு? வந்து என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டவா? போய் உன் ஜோலியைப் பாரு.”

“அப்போ கடைசிப் பலகையைக் கழட்டுங்கோளேன்.”

“புத்திசாலி! கழட்டறதுக்கா போட்டேன்?”

அவள் போனதும் திருப்புளியை விளிம்பில் நுழைத்துப் பார்த்தார். பலகை அசையவில்லை. அப்போதுதான் அந்தச் சத்தம்.

டக்.

அவர் கை எதன் மேலும் இல்லை. சத்தம் அடியிலிருந்து வந்தது. எதிர்ச் சுவரோரம் தொடங்கி, ஒன்றையடுத்து ஒன்றாக, அவர் முழங்காலுக்குக் கீழே கடந்து கதவுவரை போயிற்று. மறுபடி சுவரோரம் தொடங்கியது. அவர் போட்டதைவிடச் சீராக.

ஜன்னல் விளிம்பு முழங்காலுக்கு வந்திருந்தது. மழை வெளிச்சம் கீழிருந்து எழும்பி, அவர் நிழலைக் கூரையில் வீசியது. டிராம்பே பஸ்ஸின் ஹாரன் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

கதவு தட்டப்பட்டது. அவருடைய கணுக்கால் அருகே.

“ஏன்னா, உங்க குரல் ஏன் மேலேந்து வர்றது?”

அவர் பேசியிருக்கவே இல்லை. முனகியிருக்கிறார் போல. கூப்பிடு என்று சொல்ல வாய் திறந்தார். ஜோசப்ராஜ் உள்ளே எட்டிப் பார்க்கும் முகம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டார்.

டக். டக்.

கைப்பிடி தரைக்குள் போயிற்று. பிறகு ஜன்னல். பிறகு வெளிச்சம்.

குனிந்தார். உட்கார்ந்தார். படுத்தார்.

“ஜோசப்ராஜ் சார்!” என்று கத்தினார். அந்த ‘சார்’ இதுவரை அவர் வாயில் வந்ததில்லை. குரல் கூரையில் பட்டு முகத்திலேயே விழுந்தது.

கீழே மரம் பிளந்தது. கதவு சரிந்தது. முதுகுக்கு அடியில், வெகு கீழே, இருவர் நடந்தார்கள்.

“மாமி, ஸாரக் காணோமே. சன்னல்லயும் கிரில்லு இருக்கு. எங்க போயிருப்பாவ?”

“உள்ளதானே இருந்தார்! இப்போ சத்தம் கேட்டதே!”

பஞ்சாபகேசன் குதிகாலால் இடித்தார். பலகை அதிரவில்லை. ஓர் இடுக்கும் இல்லை.

“தரைய நல்லாத்தான் போட்டிருக்காவ,” என்றார் ஜோசப்ராஜ். கேலி இல்லை. நிஜமாகவே சொன்னார்.

“ஒரே பிளாஸ்டிக் நாத்தம். தலையைச் சுத்தறது.”

“இருங்க மாமி, ஃபேனப் போடுதேன்.”

இருட்டில், தாடைக்குக் கீழே, குளிர்ந்த தகடு ஒன்று உரசிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமும் அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை.

வேண்டாம். வேண்டாம்.

கீழே சுவிட்ச்.

தகடு அசைந்தது.