சைனப் பீவியின் பெட்டிப்பிடி

வடசேரி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அஜிதாவின் துப்பறியும் அலுவலகம். சைனப் பீவி ஒவ்வொரு படியிலும் நின்று திரும்பிப் பார்த்தபடி ஏறினாள். அவளுடைய சாம்பல் நிறச் சக்கரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோக்காரர் நாராயணபெருமாள் பின்னால் வந்தார். வேறு யாரும் வரவில்லை. இருந்தும் அவளுக்கு முதுகு கூசியது.

"இவிய குளச்சல்லேருந்து வாறாவ," என்றார் நாராயணபெருமாள். "பஸ் ஸ்டாண்டுல நின்னு அழுதிட்டிருந்தாவ. நான்தான் கூட்டிட்டு வந்தேன்." அஜிதாவுக்கு வழக்குகள் கொண்டுவந்து சேர்ப்பதும், கேட்காமலே அவற்றைத் துப்பறிவதும் அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் வந்து ஒட்டிக்கொண்ட ஆசை.

அஜிதா பன்னிரண்டு வருடம் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைச் சோதித்தவள். அவசரப்படாமல் ஒரு தம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்தாள். "மொதல்ல குடிங்க அக்கா. பொறவு சொல்லலாம்."

சைனப் பீவி குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள்.

மறுநாள் விடியற்காலையில் அவள் தோஹாவுக்கு விமானம் ஏற வேண்டும். மகள் தஸ்ரினுக்கு ஒன்பதாம் மாதம். பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்க வேறு ஆளில்லை. தையல் மெஷினோடு வாழ்ந்த சைனப் பீவிக்கு இதுதான் முதல் விமானப் பயணம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம்பர் தெரியாத ஒரு அழைப்பு வந்தது. வாயைத் துணியால் பொத்திக்கொண்டு பேசுவது போல ஒரு பெண் குரல்.

"தோஹாவுக்குப் போவாதீங்க. போனா திரும்ப மாட்டீங்க."

நேற்று மறுபடியும் அதே குரல். "சொன்னா கேளுங்க. ஒண்ணும் பேசாம நோசோ ஆயிருங்க."

"நோசோவா?" என்று கேட்டாள் அஜிதா.

"அப்பிடித்தான் கேட்டுது. என்ன எழவோ எனக்குத் தெரியல்ல மக்கா. செத்துப் போன்னு சொல்லுகாளோன்னு பேடிச்சிட்டேன். புள்ளத்தாச்சி மோள்ட்ட இத எப்பிடிச் சொல்ல? வீட்டுல இருக்கவும் முடியல்ல, பெட்டிய விட்டுட்டு வரவும் முடியல்ல."

அஜிதா பெட்டியைப் பார்த்தாள். அதன் இழுவைக் கம்பியின் மேலே இன்னொரு பிடி மாட்டப்பட்டிருந்தது. முழங்கை நீளமுள்ள வளைந்த கறுப்புக் குழாய். நுனியில் உள்ளங்கை அடங்கும்படி ரப்பர், ஒரு பக்கத்தில் பெருவிரலுக்கு ஒரு குழி. அது இருந்தால் குனிய வேண்டாம். பெட்டி பின்னால் இழுபடாமல் பக்கத்திலேயே உருண்டு வரும்.

"இது ஏது?"

"ஆன்ட்ரூஸ் கடையில வாங்கினது, இங்க வடசேரியிலதான். எனக்க வலது தோள் பொங்காது, அந்தக் கையத் தூக்க முடியாது, ரெண்டு வருசமாச்சு. எல்லாம் இடது கைதான். கைக்குத் தக்கன ரெண்டு விதம் உண்டுன்னு சொல்லி ஆன்ட்ரூஸ் தேடி எடுத்துத் தந்தார். ஒரு வாரமா காலையும் மாலையும் தெருவுல உருட்டிப் பழகினேன். பூப்போல வரும். அந்தப் போன் வந்த பொறவு தொடல்ல. இண்ணைக்குத்தான் உருட்டினேன். பயத்துல கை வேர்த்து வழுக்கிட்டே வந்துது."

"பெட்டி பக்கத்துல யாரெல்லாம் வந்தாவ?"

மூன்று பேர். அண்ணன் மகன் முஹம்மது ஷரீஃப். பிடியைப் பெட்டியில் மாட்டிக்கொடுத்ததே அவன்தான். பக்கத்து வீட்டு ரெஜிஷா. தினமும் வருவாள், உருட்டிப் பழகும்போது கூடவே நடப்பாள், தோஹாவில் இருக்கும் தன் அண்ணனுக்கு ஒரு பொட்டலம் அல்வா கொடுத்திருக்கிறாள். மூன்றாவது ஆள் டிக்கெட் எடுத்துக் கொடுத்த சுஜின். ரெஜிஷாவுக்கு அவனுடைய ஆபீஸில்தான் வேலை. அவன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிக்கெட்டோடு வந்தான், காப்பி குடித்தான், போனான். வீட்டுக்கு அவன் வந்தது அந்த ஒரு தடவைதான்.

"நல்ல பய," என்றாள் சைனப் பீவி. "அங்க எறங்கினதும் அவனுக்க ஆளு வந்து பெட்டியத் தள்ளித் தருவாராம்."

நாராயணபெருமாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "மேடம், அல்வாதான். அந்தப் புள்ள அல்வாக்குள்ள என்னத்தையோ வச்சிருக்கா."

அஜிதா பொட்டலத்தைப் பிரித்து, கத்தியால் அல்வாவைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பார்த்தாள். அல்வாவைத் தவிர ஒன்றுமில்லை. நாராயணபெருமாளின் முகம் வாடியது.

"அக்கா, இந்தப் பெட்டிய போட்டோ எடுத்தியளா?"

சைனப் பீவி போனை நீட்டினாள். பீரோக் கண்ணாடி முன்னால் பெட்டியோடு நின்று அவளே எடுத்த படம். "விமானக் கம்பெனிக்குக் காட்டணும்னு சுஜின் கேட்டான். அவனுக்கு மட்டும் அனுப்பினேன். போன வாரம்."

அஜிதா படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு பேனாவால் அந்தப் பிடியை இரண்டு இடங்களில் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டாள். அவள் முகம் மாறியதைக் கண்டு சைனப் பீவி எழுந்துவிட்டாள்.

"இனி இத யாரும் தொடக்கூடாது," என்றாள் அஜிதா. "நீங்க பயணம் போவலன்னு சொல்லி மூணு பேரையும் இங்க வரச் சொல்லுங்க. நான் ஒரு போன் பண்ணிட்டு வாறேன்."

மூன்று மணிக்குள் மூவரும் வந்துவிட்டார்கள். முதலில் வந்தவன் சுஜின். "என்ன உம்மா இது, கடைசி நேரத்துல? மோள் அங்க காத்திருப்பால்லா?" என்று பரிவோடு கேட்டான். ஷரீஃப் மாமியின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். ரெஜிஷா சுவரோரமாக உட்கார்ந்து கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள். கதவருகே லுங்கி கட்டிய ஒருவர் யாருக்கோ காத்திருப்பது போலப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

இவர்களில் ஒருவர்தான் எனக்கு எமன் என்று நினைத்தபோது சைனப் பீவியால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. இந்த ஷரீஃபைத் தூக்கி வளர்த்தவள் அவள்.

அஜிதா பெட்டியை நடுவில் நிறுத்தினாள். "ஒரு சின்ன சந்தேகம். அக்கா இந்தப் பெட்டிய எப்பிடிக் கொண்டு போவாவ? தொடாம, பக்கத்துல நின்னு மட்டும் காட்டுங்க."

ஷரீஃப் போய்ப் பெட்டியைத் தன் இடப்பக்கம் இருக்கும்படி நின்று இடது கையை நீட்டினான். ரெஜிஷாவும் அப்படியே நின்றாள். சுஜின் சிரித்தான். "இதுல என்ன இருக்கு?" என்று எழுந்து வந்து வலது கையை நீட்டினான்.

ஷரீஃப் அவனைப் பார்த்துச் சொன்னான்: "மாமிக்கு வலது கை பொங்காதே."

"அது இவருக்குத் தெரியாது," என்றாள் அஜிதா. "அக்கா, ஒங்களுக்கு ஆன்ட்ரூஸ் தந்தது இடது கைப் பிடி. இப்பம் இதுல மாட்டியிருக்கது வலது கைப் பிடி. பெருவிரல் குழி எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. வேர்வையில வழுக்கல்ல, ஒங்க விரலுக்கு இதுல எடமே இல்ல. ஆரோ பழச எடுத்துட்டு இத மாட்டியிருக்காவ. ஷரீஃபோ ரெஜிஷாவோ மாத்தியிருந்தா சரியான பிடியத்தான் வாங்கியிருப்பாவ. நீங்க உருட்டினதக் கண்ணால காணாம படத்த மட்டும் பாத்த ஒருத்தருக்குத்தான் இந்தத் தப்பு வரும். கண்ணாடியில எடுத்த படம். அதுல ஒங்க இடது கை வலது கையாத்தான் தெரியும்."

"கடையில மாத்திக் குடுத்திருப்பாவ," என்றான் சுஜின்.

"ஒரு வாரம் பூப்போல வந்துதுன்னு அக்கா சொல்லுகாவ. ஞாயிற்றுக்கிழமை காப்பி போட அடுக்களைக்குப் போனாவ. அந்த நேரம் ஒங்களுக்குப் போதும். உள்ள ஒண்ணுமில்லாம பொள்ளையா இருக்க வேண்டிய கொழாய், தட்டினா மண்ணுல தட்டின மாதிரி கேக்குது."

சுஜின் கதவை நோக்கிப் பாய்ந்தான். நாராயணபெருமாள் குறுக்கே நின்ற வேகத்தில் நாற்காலியோடு விழுந்தார். ஆனால் லுங்கி கட்டியவர் அதற்குள் சுஜினின் சட்டையைப் பிடித்திருந்தார். அவர் சப்-இன்ஸ்பெக்டர். கீழே இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். சாட்சிகள் முன்னால் ரப்பரைக் கழற்றியபோது, குழாய்க்குள்ளிருந்து பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றிய வெள்ளைப் பொடிப் பொட்டலங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"அங்க எறங்கினதும் பிடிச்சிருப்பாவ," என்றாள் அஜிதா மெதுவாக. "எனக்குத் தெரியாதுன்னு நீங்க அழுதாலும் ஆரு கேப்பா?"

மகள் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடக்க, தான் மொழி தெரியாத ஊரில் ஒரு சிறையில் இருப்பது சைனப் பீவியின் கண்முன் வந்தது.

"அப்பம் போன் பண்ணினது ஆரு?" என்று நாராயணபெருமாள் முழங்கையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"டிக்கெட் எடுத்துட்டு ஏறாம இருக்க பயணிய டிக்கெட் ஆபீஸ்ல 'நோ ஷோ'ன்னு சொல்லுவாவ. பயத்துல வேற வார்த்த வரல்ல, தினமும் சொல்லுக வார்த்ததான் வந்துது. இல்லியா ரெஜிஷா?"

ரெஜிஷா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். "சனிக்கிழம ஆபீஸ்ல கதவச் சாத்திட்டு அவன் ஒரு பிடிக்குள்ள இதத்தான் அடச்சிட்டிருந்தான். சன்னல் வழியா கண்டேன். அடுத்த நாள் அவன் வந்துட்டுப் போன பொறவு அக்கா வீட்டுல, குழி மறுபக்கம் இருக்க அதே பிடியக் கண்டதும் ஒடம்பு வெறச்சுப் போச்சு. போலீசுக்குப் போனா என்ன உயிரோட விட மாட்டாவன்னு நெனச்சேன். அவன் ஒத்தையில இல்லக்கா. ரெண்டு பேர் பைக்குல ஆபீசுக்கு வருவாவ. அவியளுக்கு எனக்க வீடு தெரியும்."

மூன்று நாளாகத் தன்னைச் சோறு தின்ன விடாமல் செய்த குரல் இந்தப் பிள்ளையுடையதுதானா என்று சைனப் பீவி பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

வாக்குமூலம் எழுதி முடிக்க ஐந்து மணி ஆயிற்று. மறுநாள் போக முடியாது. டிக்கெட்டை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக் கொடுத்தாள் அஜிதா. பைக்கில் வரும் அந்த இரண்டு பேரையும் தேடிப் போலீஸ் போயிருக்கிறது, இன்னும் தகவல் இல்லை என்றும் மறைக்காமல் சொன்னாள்.

எல்லோரும் எழுந்தார்கள். ரெஜிஷா மட்டும் எழவில்லை.

"எழும்பு மக்கா," என்றாள் சைனப் பீவி. "நான் போறது வர நீ எனக்க வீட்டுல நில்லு. ஷரீஃப் வெளிய படுப்பான். நான் போன பொறவு எனக்க அண்ணன் வீட்டுல போய் இரு. ஒன்னத் தனியா விட மாட்டேன்."

"ஒங்களையும் தேடி வந்தா?"

சைனப் பீவிக்கும் முதுகு இன்னும் கூசிக்கொண்டுதான் இருந்தது. படியின் மேல் நின்று கீழே தெருவைப் பார்த்தாள். பிறகு ரெஜிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தானே முதலில் இறங்கினாள்.