கடைசி வரிசையில் ஒரு இடம்

முதல் இறக்கத்தில் ரோலர் கோஸ்டர் பெட்டிகள் விழும் சத்தம் கார் நிறுத்துமிடம்வரை கேட்டது. யாரும் கத்தவில்லை.

காரின் கதவைப் பாதி திறந்தபடி அக்கா அப்படியே நின்றுவிட்டாள். இருபத்தாறு வருடமாக ரோலர் கோஸ்டர்களைத் தேடித் தேடிப் போய் ஏறுகிறவள் அவள். எந்தப் பூங்காவுக்குப் போனாலும் முதலில் காதுக்கு வருவது கூச்சல்தான். சங்கிலி பெட்டிகளை உச்சிக்கு இழுத்துக்கொண்டு போகும் கடகடப்பு, உச்சியில் ஒரு கணம் மூச்சடைத்த அமைதி, அப்புறம் இரும்பின் இரைச்சலையும் மிஞ்சிக்கொண்டு எழும் முப்பது பேரின் அலறல். இங்கே கடகடப்பு இருந்தது, அமைதி இருந்தது, இரைச்சலும் இருந்தது. அலறல் மட்டும் இல்லை. மரங்களுக்கு மேலே தெரிந்த வெள்ளைச் சட்டத்தில் பெட்டிகள் வளைந்து திரும்பியபோது, அவற்றில் ஆட்கள் இருப்பதும் எல்லோரும் கைகளை உயரத் தூக்கியிருப்பதும் தெளிவாகவே தெரிந்தது.

"பொம்மைங்கள வச்சு ஓட்டிப் பாக்கறாங்களோ?" என்றாள் அக்கா.

"இருக்கும்," என்றாள் தங்கை. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வா, வெயில் தாழறதுக்குள்ள ஏறிடலாம்."

அக்கா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். முப்பத்தெட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாற்பதைத் தாண்டாமல் ஓட்டுவதால் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ஆமை. அந்த ஆமைதான் லீவு விட்டால் போதும், பையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கேயாவது தலைகீழாகத் தொங்கக் கிளம்பிவிடும். இதுவரை இருநூற்றுப் பதினான்கு கோஸ்டர்கள் ஏறியாகிவிட்டது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "பக்கத்துல உக்காந்து வாந்தி எடுக்காத ஆளா ஒருத்தரக் காட்டுங்க, பாக்கலாம்," என்பாள். அப்படி வாந்தி எடுக்காமல் உட்கார்ந்த ஒரே ஆள் தங்கைதான். அம்மா போன பிறகு தங்கைக்குத் தலை வாரிவிட்டதிலிருந்து கல்யாணம் பண்ணிவைத்ததுவரை எல்லாம் அக்காதான். இருவருக்கும் இடையில் ஒரே ஒரு ஒப்பந்தம் உண்டு. புதிதாக எதைக் கண்டுபிடித்தாலும், ஒருத்தியை விட்டுவிட்டு இன்னொருத்தி ஏறக் கூடாது.

அதைத் தங்கை மீறிவிட்டாள். நாலு நாளைக்கு முன்னால் போனில் சொன்னாள். "அக்கா, நீ ஏறாதது ஒண்ணு இருக்கு. உனக்குக் காய்ச்சலா இருந்துதே, அதனால நான் முந்திக்கிட்டேன். கோவிச்சுக்காத." கோபம் வரத்தான் செய்தது. அதோடு ஒரு சந்தேகமும் வந்தது. இரண்டு மணி நேரத் தொலைவில் இப்படி ஒன்று இருந்து, அது தனக்குத் தெரியாமல் இருக்குமா? எந்தப் பட்டியலிலும் அது இல்லை. யாரும் ஒரு படம்கூட எடுத்துப் போட்டிருக்கவில்லை. ஆனால் ஆசை கோபத்தையும் சந்தேகத்தையும் விடப் பெரியதாக இருந்தது.

வாசலில் ஒரே ஒரு ஜன்னல்தான் திறந்திருந்தது. உள்ளே இருந்த பெண், துணி அளவெடுப்பவளைப் போல, அக்காவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு தங்கையிடம் திரும்பி, "வந்துட்டீங்களா," என்றாள், தெரிந்தவளிடம் பேசுவது போல. தங்கையின் மணிக்கட்டில் ஊதா மையில் ஒரு முத்திரை குத்தினாள். அக்காவும் கையை நீட்டினாள். அதற்குள் அந்தப் பெண் மைப்பெட்டியை மூடிவிட்டிருந்தாள்.

"அது வெளிய போறவங்களுக்கு," என்றாள்.

அக்கா சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

உள்ளே கருகிய சர்க்கரையும் பழைய கிரீஸும் கலந்த வாசனை, ஒரு வாரமாக ஜன்னல் திறக்காத அறையின் வாசனையைப் போல, அசையாமல் நின்றது. சங்கிலி ஊஞ்சல்கள் ஆளில்லாமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. துப்புரவாளர் ஒருவர் ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரே இடத்தைப் பெருக்கியபடி, அவர்கள் கடந்து போகும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தங்கை வேகமாக நடந்தாள். எப்போதும் வழியெல்லாம் ஓயாமல் பேசுகிறவள் இன்று வாயே திறக்கவில்லை.

"மாப்பிள்ளை ஏன் வரல? பையப் பாத்துக்க ஆள் வேணாமா?" என்றாள் அக்கா. தங்கையின் கணவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மாடிப்படி ஏறினாலே தலைசுற்றும் மனிதர். இத்தனை வருடமும் எல்லாப் பூங்காக்களிலும் கீழே நின்று இவர்களுடைய பைகளைச் சுமந்ததுதான் அவர் வேலை.

"கடையில ஆள் இல்ல."

"குட்டி?"

"பக்கத்து வீட்டுல விட்டிருக்கேன்." மகளைப் பற்றிச் சொன்னதும் தங்கையின் குரல் ஒரு மாதிரி உடைந்தது. அக்கா அதைக் கவனித்தாள். வீட்டில் ஏதோ சண்டை போலிருக்கிறது, சவாரி முடிந்து உட்கார்ந்து நிதானமாகக் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

வரிசைக்கான பாதை இரும்புக் கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போனது. ஒருவரும் இல்லை. ஆனால் கம்பிகள் பளபளவென்று தேய்ந்திருந்தன. பாதை முடிந்து, தகரக் கூரை போட்ட பிளாட்பாரத்தில் ஏறும் இடத்தில், பைகள் வைக்கும் மர அலமாரி இருந்தது. எல்லாக் கோஸ்டரிலும் இருப்பதுதான். இதில் காலி இடமே இல்லை. தோள்பைகள், தொப்பிகள், பாசி பிடித்த தண்ணீரோடு ஒரு குழந்தையின் பாட்டில், ஒற்றைச் செருப்புகள். எல்லாவற்றின் மேலும் தூசி. கீழ்த்தட்டில் ஒரு பைக்குள் போன் ஒன்று அடித்துக்கொண்டிருந்தது. துணி வழியாக வெளிச்சம் தெரிந்தது. அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது.

அக்கா தன் பையை வைக்க இடம் தேடினாள். மேல்தட்டின் ஓரத்தில் தூசி படியாத மூக்குக் கண்ணாடி ஒன்று இருந்தது. கறுப்புச் சட்டம். வலது காதுக் கம்பியில் ரோஸ் நிற நூல் சுற்றியிருந்தது. அந்த நூலைக் குட்டி சுற்றியபோது அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "அப்பா கண்ணாடிக்கு வளையல்," என்று சொல்லிச் சொல்லிச் சுற்றியது குழந்தை.

"இது அவரோடதுல்ல?"

"அன்னைக்கு வந்தப்ப மறந்து வச்சிட்டாரு."

"இது இல்லாம அவருக்குத் தன் கையே தெரியாதேடி. எப்படி வீட்டுக்கு வந்தாரு?"

தங்கை தண்டவாளத்தைக் கையால் காட்டினாள். பெட்டிகள் வந்துவிட்டன.

வழக்கமாகப் பிரேக் பிடிக்கும்போது வரும் கிறீச்சிடல் இல்லை. ஒரு பெருமூச்சைப் போல வந்து நின்றன. கூரையின் கீழே இருட்டு. முன் வரிசைகளில் தலைகள் மட்டும் நிழலாகத் தெரிந்தன. ஒருவரும் இறங்கவில்லை. சீருடை போட்ட ஆபரேட்டர் ஒருவர் தூணோரமாக நின்று, எதையும் பார்க்காமல் காத்திருந்தார்.

"கடைசி வரிசை காலியா இருக்குக்கா," என்றாள் தங்கை. "உன் இடம்."

போகாதே என்று உள்ளே ஏதோ சொன்னது. ஆனால் இருநூற்றுப் பதினான்கு முறை பழகிய கால்கள். அவை தாமாகவே நடந்தன, தாமாகவே படியிறங்கின. கடைசி வரிசையில்தான் இறக்கம் முழுதாகக் கிடைக்கும். முன்னால் இருப்பவர்களின் எடையெல்லாம் சேர்ந்து இழுக்கும். அதைத் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். உட்கார்ந்தாள். இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது.

தடுப்புக் கம்பியைத் தங்கையே இழுத்து அக்காவின் மடியில் இறக்கினாள். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ஒரு முறை அழுத்தினாள். இன்னொரு முறை அழுத்தினாள். பிறகு அக்காவின் கன்னத்தைத் தொட்டாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

அப்போதுதான் அக்கா முன்னால் பார்த்தாள். கண்கள் இருட்டுக்குப் பழகியிருந்தன. வரிசை வரிசையாகத் தலைகள். ஒவ்வொரு தலையிலும் முடி பின்னோக்கிப் பறந்துகொண்டிருந்தது. பெண்களின் பின்னல்கள் காற்றில் நேராக நீண்டு அடித்துக்கொண்டன. சட்டைக் காலர்கள் படபடத்தன. பெட்டிகள் நின்றிருந்தன. பிளாட்பாரத்தில் காற்றே இல்லை. தூணில் ஒட்டியிருந்த காகிதம் அசையவில்லை.

முன் வரிசை ஒன்றில் ஒரு கம்பி மட்டும் டக்கென்று திறந்தது. தங்கை அங்கே ஓடினாள். ஓர் ஆளின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். கடை பெயர் போட்ட நீலச் சட்டை. மாப்பிள்ளை.

"என்னடி இது?" அக்கா கம்பியைத் தள்ளினாள். அசையவில்லை. "என்னடி பண்ற?"

"ஒரு ஆள் ஏறினாத்தான் ஒரு ஆள் இறங்க முடியுமாம்க்கா." தங்கை அழுதுகொண்டே பேசினாள். ஆனால் கைகள் நிதானமாக வேலை செய்தன. அவர் சட்டையைச் சரி செய்தன, கண்ணாடியை எடுத்து மாட்டின. "நான்தான் அவர வற்புறுத்தி ஏத்தினேன். நான் இறங்கிட்டேன், அவர இறங்க விடல. பதினோரு நாளா சுத்திட்டே இருக்காரு. குட்டி தெனம் கேக்குது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி. சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

வந்திருப்பேனா? அதைத் தன்னையே கேட்டுக்கொள்ளவாவது தங்கை ஒரு வாய்ப்பு தந்திருக்கலாம்.

"உனக்குப் பிடிச்சதுதானேக்கா," என்றாள் தங்கை. "ஒரு ரவுண்டு பத்தலேன்னு எப்பவும் சொல்லுவியே." தரையைப் பார்த்தாள். "உனக்காக யாரும் காத்துட்டு இல்லையேக்கா."

அந்த வார்த்தையை அவள் இன்று யோசித்துச் சொல்லவில்லை. பல நாள் மனசுக்குள் வைத்துப் பழகிய வார்த்தை. அக்காவுக்குப் புரிந்தது. கம்பியைத் தள்ளிக்கொண்டிருந்த கைகள் தளர்ந்தன.

"கை கால உள்ள வச்சுக்கங்க," என்றார் ஆபரேட்டர். "வண்டி நிக்கிறவரைக்கும் எழுந்திரிக்க வேணாம்." விசையை இழுத்தார்.

பெட்டிகள் நகர்ந்தன.

கூரை போனது. மாலை வெயில் முகத்தில் அடித்தது. சங்கிலி பிடித்தது. கடகட. கடகட. மேலே. முன்னால் இருந்தவர்களின் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. பிறகு அக்காவின் கைகளும். அவள் தூக்கவில்லை. அவை உயர்ந்தன. இறக்கப் பார்த்தாள். முடியவில்லை.

கத்த வேண்டும். வாயைத் திறந்தாள். எங்கிருந்தோ காற்று வந்து வாயை நிரப்பியது. தொண்டையை. நெஞ்சை. சத்தம் வரவில்லை. வாயை மூடவும் முடியவில்லை.

உச்சி. இறக்கம். எத்தனையோ சுற்றுக்குப் பிறகு, மறுபடி உச்சி.

கீழே, தங்கையின் கார். சின்னதாக. அவள் கதவைத் திறந்து கணவரை உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். அவர் தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. பெல்ட் மாட்டினாள். கதவைச் சாத்தினாள். சுற்றிக்கொண்டு வந்து மறுபக்கம் ஏறினாள்.

கார்க் கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. உள்ளே அவர் முடி பின்னோக்கிப் பறந்துகொண்டிருந்தது. கன்னத்துத் தோல் காதுவரை இழுபட்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

தங்கை கையை நீட்டி அவர் முடியைப் படிய வைத்தாள். எழுந்தது. படிய வைத்தாள். எழுந்தது. தாடையை மெல்லத் தூக்கி வாயை மூடிவிட்டாள். திறந்துகொண்டது. பிறகு, குழந்தை காத்திருக்கும் வீட்டுக்குப் போக, காரைக் கிளப்பினாள்.