அதான் உள்ள சொன்னீங்களே டீச்சர்

மாடிப்படியில் பாதி ஏறும்போதே பாண்டீஸ்வரிக்குத் தன் குரல் கேட்டது. கீழே மாவு மில்லில் மெஷின் பட்டை ஓடும் இரைச்சல், மூக்கை அறுக்கும் மிளகாய் நெடி, ஆனையூர் ரோட்டில் வழிவிடாத ஆட்டோவைத் திட்டிக்கொண்டு போகும் மினி பஸ்ஸின் ஹாரன், இத்தனையையும் தாண்டி, கம்ப்யூட்டர் அறையின் கதவிடுக்கு வழியே, அவள் பிள்ளைகளிடம் பேசுகிற அதே இழுவையில், "சரியாத்தான் எழுதியிருக்க கண்ணு, ஏன் பாதியில நிறுத்திட்ட?" என்றது அது.

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. குரலைக் கொடுத்ததே அவள்தான். பிள்ளைகள் கம்ப்யூட்டரில் விடை எழுதுவார்கள், அதுவே திருத்தும், நிறை குறையை ஹெட்போனில் அதுவே சொல்லும். இன்று ஏதோ ஒரு வாண்டு ஹெட்போன் வயரைப் பிடுங்கியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே அடுத்த படியில் கால் வைத்தாள்.

"அப்பா திட்டுவாருன்னு பயந்துட்டியா?" என்றது குரல்.

தூக்கிய கால் அப்படியே நின்றது. இந்த வாக்கியத்தை அவள் பதிவு செய்யவில்லை. இப்படி ஒரு கேள்வியை எந்தப் பிள்ளையிடமும் அவள் நாலு பேர் நடுவில் கேட்கமாட்டாள்.

மில்லுக்கு மேல் மாடியில் இருந்த அந்த டியூஷன் சென்டரில் அவள் தமிழும் சமூக அறிவியலும் எடுத்தாள். வசுந்தரா கணக்கு. முதலாளி வெங்கடேஷ்பாபு இந்த மென்பொருளை வாங்கி வந்தபோது, பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும் என்று பாண்டீஸ்வரி சண்டை பிடித்தாள். சமாதானம் செய்தது வசுந்தரா. "மெஷின் குரல்ல சொன்னா பிள்ளைக மெரண்டு போயிருங்கடி. உன் குரல்ல சொன்னா அழுகாதுங்க." ஆண்டுக்கணக்காக ஒரே டப்பாவில் சோறு பகிர்ந்து தின்ற தோழி சொன்னாள் என்பதற்காக, தொண்டை காயக் காய மைக்கின் முன்னால் உட்கார்ந்து பேசினாள். மாசி மாதச் சாமி கும்பிடுக்கு உசிலம்பட்டிப் பக்கம் சொந்த ஊருக்குக் குடும்பத்தோடு கிளம்பியபோது, தன் ஐடியையும் பாஸ்வேர்டையும் அவளிடமே கொடுத்தாள். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதைப் போலத்தான். "என் கிளாஸ் பிள்ளைகளையும் கொஞ்சம் பாத்துக்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு திறந்து பிள்ளைகள் வந்தார்கள். கடைசியாக சரண்யாதேவி. எட்டாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பெண்ணுக்கு அப்பா முன்னால் நின்றால் நாக்கு திக்கும். சரியாகச் சொல்லும்வரை வீட்டுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்திவைப்பாராம். இதைப் பாண்டீஸ்வரியிடம் மட்டும்தான், அவள் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டே சொல்லி அழுதிருக்கிறாள். அந்தப் பெண் ஒருத்தி நன்றாகப் பேசிவிட வேண்டும் என்பதற்காகவே இந்தச் சம்பளத்தில் இன்னும் இங்கே காலம் தள்ளலாம் என்று பாண்டீஸ்வரிக்குத் தோன்றும்.

"சரண்யா, எதுவும் சந்தேகம் இருக்கா கண்ணு?"

"இல்ல டீச்சர். அதான் உள்ள சொன்னீங்களே."

திக்கவே இல்லை. தண்ணீர் ஓடுவதைப் போல வந்தது பேச்சு. பாண்டீஸ்வரியால் சந்தோஷப்பட முடியவில்லை, ஏனென்றால் அந்தப் பெண் பேசும்போது இவள் முகத்தைப் பார்க்கவில்லை. இவள் தோளுக்கு மேலாக, மூடிக்கொண்டிருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு யாருமே அவளிடம் எதையும் கேட்க வரவில்லை. எது கேட்டாலும் அதே பதில், அதான் உள்ள சொன்னீங்களே டீச்சர். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் அந்த அறையை விட்டு எழுவதற்குச் சுணங்கினார்கள். வெங்கடேஷ்பாபுவிடம் சொன்னால், மார்க் ஏறியிருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும் என்றார். பங்குனி வெயிலில் அலைந்து பாண்டீஸ்வரிக்குச் சளி பிடித்தது. மறுநாள் சாயங்காலம் கதவிடுக்கில் காதை வைத்தாள். உள்ளே குரல் கரகரத்தது. நடுவில் ஒருமுறை இருமிவிட்டுப் பேசியது.

அன்றைக்கே வசுந்தராவை மில் வாசலில் மறித்தாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வசுந்தரா மாடிக்கு வராமல் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"சரண்யாவோட அப்பா விஷயத்த உன்கிட்ட மட்டும்தான்டி சொன்னேன்."

வசுந்தரா மாவு படிந்த தரையையே பார்த்தாள். "நான்தான் அதுக்குச் சொல்லிக் கொடுத்தேன். எந்தப் பிள்ள எதுக்கு அழும், எதச் சொன்னா கேக்கும்னு நீ சொன்னதெல்லாம். உன் ஐடியிலயே."

"ஏன்டி?"

"இனிமே ஒரு டீச்சர் போதும்னுட்டாரு சார். உன் வேலைய அது பாத்துக்கிட்டா நான் இருக்கலாம்னாரு. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு, பாண்டி."

கூட இருந்தே குழி பறிப்பது என்பதைப் பாண்டீஸ்வரி அதுவரை வாய்ப்பேச்சாகத்தான் கேட்டிருந்தாள். கன்னத்தில் ஒன்று விடக் கையை ஓங்கினாள். ஆனால் வசுந்தராவின் உதடுகள் நடுங்குவதைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது. அது வெட்கத்தில் வந்த நடுக்கமில்லை, பயம்.

"நீ ஊருக்குப் போயிருந்தப்ப சொன்னதோட சரிடி. அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்த சொல்லல. உனக்குச் சளி பிடிச்சத நான் சொல்லல. மிச்சத்த யாரு அதுக்குச் சொல்றான்னு எனக்குத் தெரியாது." அவள் பாண்டீஸ்வரியின் மணிக்கட்டைப் பிடித்தாள். "மேல போகாத. வா, போயிருவோம்."

"பிள்ளைக உள்ள இருக்குங்கடி."

வசுந்தரா கையை விட்டாள். ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தவள் ஒருதரம்கூடத் திரும்பவில்லை. முதல் துரோகத்தைவிட இதுதான் பாண்டீஸ்வரிக்கு அதிகமாக வலித்தது.

காற்று புழுதியை வாரி அடித்தது. கோடை மழையின் முதல் துளிகள் வாசல் தகரக் கூரையில் விழுந்தன. கரண்ட் போனது. மில்லின் பட்டை நீளமாக ஒரு முனகல் முனகி நின்றது. தெரு முழுக்க இருட்டு.

மாடியில் குரல் நிற்கவில்லை.

"தப்பில்ல கண்ணு. மறுபடி சொல்லு."

படியேறினாள். சுவரைத் தடவித் தடவி. மிளகாய் நெடி போய், இங்கே வேறு வாசம். அவளுடைய தேங்காய் எண்ணெய், அவளுடைய பவுடர்.

கதவைத் தள்ளினாள்.

சன்னலில் மிஞ்சியிருந்த மங்கல் வெளிச்சத்தில் திரைகள் அணைந்து கிடந்தன. பிள்ளைகள் முதுகு காட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் காதிலும் ஹெட்போன். ஒரு தலைகூட அசையவில்லை. குரல் எந்தப் பெட்டியிலிருந்தும் வரவில்லை. அறை முழுக்க இருந்தது.

"பிள்ளைகளா, எந்திரிங்க. வீட்டுக்குப் போவோம்."

குரல் நின்றது. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பது போன்ற அமைதி.

அவள் ஊரில் ஒருவர் மேல் அருள் வந்தால் குறி கேட்பதற்கு முன் ஒன்றைக் கேட்டே தீர வேண்டும். வந்திருப்பது யார் என்று. சாமி என்றால் பேர் சொல்லும். பேய் என்றால் பேர் சொல்ல முடியாமல் அலறிக்கொண்டு இறங்கிவிடும். வேறு எதுவும் தோன்றாமல் அதையே கேட்டாள்.

"வந்திருக்கது யாரு?"

சிரிப்பு. அவளுடைய சிரிப்பு.

"பாண்டீஸ்வரி. முத்திருளன் மக."

ஹெட்போன்கள் கழன்றன. நாற்காலிகள் கிரீச்சிட்டன. முகங்கள் திரும்பின. சன்னல் வெளிச்சத்தில் சரண்யாதேவி மட்டும் எழுந்து நின்றாள்.

"சரண்யா. வா கண்ணு."

வரவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை அவளும். சாமி கும்பிடு பார்த்து வளர்ந்தவள். திக்காமல், தெளிவாக, நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"வந்திருக்கது யாரு?"

"நான்தான்டா. பாண்டீஸ்வரி டீச்சர்."

"அந்தப் பேர எங்க டீச்சர் சொல்லிட்டாங்க. நீ யாரு?"

வாய் திறந்தாள் பாண்டீஸ்வரி. வேறு பேர் இல்லை அவளிடம். ஓரத்தில் ஒரு பிள்ளை விசும்பியது. அவளைப் பார்த்துத்தான். ஒரு எட்டு முன்னால் வைத்தாள். எல்லோரும் அலறிக்கொண்டு பின்வாங்கினார்கள். மேசையடியில். சுவரோரம். அணைந்த திரைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

"பயப்படாதீங்க," என்றது குரல், அவள் எப்போதும் சொல்கிற அதே கனிவோடு. "நான் இருக்கேன்ல. அது போயிரும்."

பிறகு, "சரியாக் கேட்ட சரண்யா. மிக நன்று."

சரண்யாதேவியின் முகம் மலர்ந்தது. பாண்டீஸ்வரி மேல் வைத்த கண்ணை எடுக்காமல், ஒரு கையால் சின்னப் பிள்ளைகளை மறைத்துக்கொண்டு, பின்னாலிருந்த கறுப்புத் திரையில் மெல்லக் கன்னத்தைச் சாய்த்தாள்.