முதல் துண்டு

"ஏங்க, நேத்து பிரசங்கத்தை எனக்குச் சொல்லிக் காட்டவே இல்லையே?"

மாவு ஒட்டிய கையோடு அவள் கேட்டாள். போதகர் கண்ணாடி முன் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பதிலையும் கண்ணாடியைப் பார்த்தே சொன்னார்.

"தலைவலி. விடு."

கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் நடக்கிற காரியம் அது. அவள் வெள்ளை அங்கியைத் தேய்ப்பாள். அவர் அடுப்படியில் நின்றபடி பிரசங்கம் செய்து காட்டுவார். "இந்த இடம் இழுக்குதுங்க", "இங்க கோபப்படற மாதிரி நடிக்கிறீங்க, கோபம் வரல" என்று அவள் குறை சொல்வாள். அவர் முறைப்பார். ஆனால் மறுநாள் பீடத்தில் அந்த இடம் வெட்டுப்பட்டிருக்கும். நேற்று மட்டும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மேசையருகே அவள் தங்கை இடது கையால் தலை வாரிக்கொண்டிருந்தாள். வலது கை முழங்கை வரை கட்டுக்குள் இருந்தது. புருஷனைப் பறிகொடுத்த பின் அக்கா வீடே கதியென்று வந்தவள். அக்கா வேலை செய்யும் சலவைக் கூடத்திலேயே சேர்ந்தாள். ஆஸ்பத்திரி விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்துத் தேய்த்தெடுக்கும் வேலை. உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. அதில் கை பட்டால் இயந்திரம் தானாக நின்றுவிடும். அடிக்கடி நின்று வேலை கெடுகிறதென்று, அந்தக் கம்பியைத் துணியால் மேலே தூக்கிக் கட்டச் சொன்னார் முதலாளி. மேஸ்திரி கிழிந்த விரிப்பிலிருந்து ஒரு பட்டை உரித்துக் கட்டியதை அக்கா கண்ணால் பார்த்தாள். அந்த வாரமே தங்கையின் கை உள்ளே போய்விட்டது. அலறல் கேட்டு ஓடி வந்த மேஸ்திரி முதலில் அவிழ்த்தது அந்தத் துணியைத்தான்!

அந்த முதலாளிதான் சபையை நிர்வகிக்கும் மூப்பர்களில் மூத்தவர். ஒழுகுகிற ஆலயக் கூரையை மாற்றித் தருவதாக வாக்குக் கொடுத்திருப்பவர்.

"அத்தான் இன்னிக்குக் கம்பி விஷயத்தைச் சொல்லிடுவாரில்லக்கா?" என்று தங்கை மெல்லக் கேட்டாள்.

"சொல்வார்டி. நீதியைப் பத்திப் பீடத்துல நின்னு பேசறேன்னு எனக்கு வாக்குக் கொடுத்திருக்கார். அதை நம்பித்தானே கூடத்துப் பொம்பளைங்க எல்லாரையும் நான் பொறுக்கச் சொன்னேன்..."

"கூரை ஒழுகறதை யாரு பாக்கறது?" என்று மாமியார் டீக் கோப்பையை நங்கென்று வைத்தாள். "கை ஆறிடும். கூரை தானா ஆறுமா?"

"அத்தை, கூரைக்கு வலிக்காது," என்றாள் அக்கா.

அவள் ரொட்டியை வெள்ளைத் துணியில் சுற்றினாள். ஆலயத்தில் பிட்டுக் கொடுக்கும் திருவிருந்து ரொட்டி. மாதாமாதம் அவள் கையால் சுடுவது. அந்தச் சபையில் ஒரு ஏற்பாடு உண்டு: முதல் துண்டைப் போதகரின் மனைவிதான் வாங்க வேண்டும். வீட்டில் சமாதானம் இல்லாதவன் சபைக்குப் பந்தி வைக்கக் கூடாது என்று முதல் போதகர் வைத்துவிட்டுப் போனது. அதன்பின் இத்தனை வருஷத்தில் ஒரு மாதமும் அது தடைப்பட்டதில்லை.

ஆலயத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. சலவைக் கூடத்துப் பெண்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். தூணோரம் 'ஆமென்' தையல்காரர். வண்டியை ஓரமாக நிறுத்துங்கள் என்று அறிவித்தால்கூட ஆமென் சொல்கிறவர். முன் பெஞ்சில் முதலாளி, கால் மேல் கால்.

போதகர் பீடத்தில் ஏறினார். அவள் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள். 'சொல்லுங்க... சொல்லிடுங்க...'

"பிரியமானவர்களே! நமக்கு ஒரு காயம் பட்டால் உடனே அடுத்தவரைக் கை காட்டுகிறோம். அது நீதியா? முதலில் நம்மை நாமே ஆராய்ந்து பார்க்க வேண்டும்..."

அவள் நிமிர்ந்தாள். குரல் நன்றாக இருந்தது. பேச்சு கெட்டிருந்தது.

"ஒரு சகோதரி என்னிடம் ஜெபத்தில் அழுதார். 'அன்றைக்கு என் மனசு வேலையில் இல்லை, செத்துப்போன என் வீட்டுக்காரர் நினைப்பிலேயே நின்றேன்' என்றார். பாருங்கள்! துக்கத்தைக் கர்த்தரிடம் இறக்கி வைக்காமல் வேலைக்குச் சுமந்து போனால், கை சுடத்தானே செய்யும்?"

சபை முழுக்கத் திரும்பி அந்தக் கட்டுப் போட்ட கையைப் பார்த்தது. தங்கை அதை மடிக்குள் ஒளிக்கப் பார்த்தாள். வலியில் உதட்டைக் கடித்தாள். தையல்காரர் வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டார். முதலாளி மட்டும் மெதுவாகத் தலையாட்டினார்.

அக்கா தன் கையைப் பார்த்தாள். கணவர் வேதாகமக் கல்லூரியில் படித்த காலமெல்லாம் ஈர விரிப்பு இழுத்து வீட்டை ஓட்டிய கை அவளுடையது. விரல் கணுவெல்லாம் வீங்கிக் கிடந்தது. அதற்காக அவள் ஒருநாளும் அழுததில்லை. 'இவரை இந்தப் பீடத்துல ஏத்தறதுக்கா இழுத்தேன்? என் தங்கச்சியோட கண்ணீரை எடுத்து அவளையே அடிக்கறதுக்கா...?'

திருவிருந்து நேரம் வந்தது. போதகர் ரொட்டியைப் பிட்டு, முதல் துண்டை நீட்டியபடி நின்றார்.

அவள் எழவில்லை.

பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியது. அதுவும் முடிந்தது. துண்டு அவர் கையிலேயே இருந்தது.

"எந்திரிடி... மானம் போகுது!" என்று மாமியார் அவள் தொடையில் இடித்தாள்.

"எனக்குப் போன மானத்தை யாரும் தேடலையே அத்தை."

போதகர் படியிறங்கி வந்தார். "என்னம்மா இது... வீட்ல போய்ப் பேசிக்கலாம், வா..." என்று கெஞ்சினார்.

"வீட்லதாங்க பேசினோம்! வீட்ல வாக்குக் கொடுத்தீங்க, பீடத்துல ஏறி வித்துட்டீங்க!" அவள் எழுந்தாள். "தடுப்புக் கம்பியைத் துணியால கட்டினாங்கன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லையா? அவ மனசு எங்க இருந்தா என்ன? மனசு அலையறவளுக்கும் சேர்த்துத்தானே அந்தத் தடுப்பு! ஜெபத்துல உங்களை அப்பா மாதிரி நெனச்சு அழுதா. அதைப் பிரசங்கமாக்கிட்டீங்களே... பாவி மனுஷா!"

முதலாளி எழுந்தார். "பாஸ்டர், சம்சாரத்தை அடக்குங்க!"

"உக்காருங்க முதலாளி," என்றாள் பெண்கள் வரிசையிலிருந்து ஒருத்தி. "மணி அடிச்சு அடக்கறதுக்கு இது உங்க கூடம் இல்ல."

யாரோ சிரித்துவிட்டார்கள். மாமியார் மட்டும் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏண்டா... ஜெபத்துல சொன்னதையா வெளிய சொன்னே? நானும் உங்கிட்ட எத்தனையோ சொல்லி அழுதிருக்கேனேடா..." என்றாள். "கூரையே வேணாம். நனைஞ்சுக்கறேன்."

போதகர் அம்மாவைப் பார்த்தார். பிறகு தங்கையின் கையைப் பார்த்தார். பெஞ்சுகளுக்கு நடுவிலேயே முழங்காலிட்டார்.

"எனக்குத் தெரியும்..." சபையின் பக்கம் திரும்பினார். "கம்பியைக் கட்டச் சொன்னது மூப்பர்தான். என் மனைவி அன்னிக்கே சொல்லிட்டா. கூரைக்காக... இல்ல, கூரைக்காக மட்டும் இல்ல. பயம். இவர் போனா பாதிச் சபை போயிடுமேன்னு பயம்... இவர் தப்பை அந்தப் பொண்ணு தலைல கட்டிட்டேன். மன்னிச்சுடும்மா!"

முதலாளி வெளியேறினார். அவர் பின்னால் நாலைந்து பேர் போனார்கள். பாதிச் சபை போகவில்லை.

"முதல் துண்டை என் தங்கச்சிக்குக் கொடுங்க," என்றாள் அவள்.

அவர் முழங்காலிலேயே நகர்ந்து போனார். தங்கை இடது உள்ளங்கையை விரித்தாள். "இந்தக் கையில வாங்கலாமா அத்தான்?" அவ்வளவுதான், துண்டை அதில் வைத்துவிட்டு அவர் வாய்விட்டு அழுதார். அக்கா ஓடிப் போய்த் தங்கையை மார்போடு அணைத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கை இருவருக்கும் நடுவே நசுங்காமல், அதை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த துண்டு அக்காவுக்கு முன்னால் வந்தது.

"எனக்கு இன்னிக்கு வேணாங்க."

"மன்னிக்க மாட்டியா...?"

"மன்னிப்பேன். ஆனா பிழிஞ்ச கையோட விரிப்பை மடிக்க முடியுமா? காயணும்." கண்ணைத் துடைத்தாள். "நாளைக்குக் காலைல நாங்க எல்லாரும் அந்த உருளைக்கு முன்னால நிக்கப்போறோம். கம்பியை மறுபடியும் கட்டிட்டாங்க; அது சரியாகற வரைக்கும் ஒரு விரிப்பும் உள்ள போகாது. இங்க சொன்னதை அங்க வந்து, அந்த மேஸ்திரி முகத்துக்கு நேரா சொல்லுங்க. அப்புறம் ரொட்டியைப் பத்திப் பேசலாம்."

அவர் தலையசைத்தார். மீதி ரொட்டியைத் துணியால் மூடி வைத்தார். அன்று சபைக்குப் பந்தி நடக்கவில்லை.

தங்கையைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். பெண்கள் வரிசை முழுதும் எழுந்து பின்னால் வந்தது. வாசலில் நின்று ஒருமுறை திரும்பினாள்.

"அங்கியைப் போட்டுக்கிட்டு வராதீங்க. அங்க நீராவி. சட்டையோட வாங்க."

தூணோரம் தையல்காரர் ஆமென் என்றார்.